குடத்தில் விழாத ஈயக்குண்டு

சாலமன் ஐயா ஜெபம் செய்யாமல் எந்தக் காரியத்தையும் தொடமாட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கிறவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர் சைக்கிள் பூட்டைத் திறப்பதற்கு முன்னாலும் கண்ணை மூடுவார். புது கேஸ் சிலிண்டர் வந்தால் மூடியைக் கழற்றுவதற்கு முன் ஒரு ஜெபம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மனைவி எலிசபெத் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் பயணத்துக்கு ஒரு ஜெபம் உண்டு. கண்ணை மூடிவிட்டால் அவருக்குக் காதும் மூடிக்கொள்ளும். அந்த ஜெபத்தால் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் அவர்கள் தவறவிட்ட ரயில்கள் கொஞ்சநஞ்சமல்ல.

இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்திய காலம் முழுக்க இதே கதைதான். வகுப்புக்குள் வந்ததும் பையை மேஜைமேல் வைப்பார், கண்ணை மூடுவார், அப்புறம் அவர் எப்போது திறப்பார் என்று யாருக்கும் தெரியாது. பையன்கள் அந்த இடைவெளியில் வேறு வகுப்புக்கான வேலையை எழுதி முடித்துவிடுவார்கள். 'முன்ஜெபம்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அது அவர் காதுக்கு வந்தபோது அதிலிருந்த கேலி அவருக்குப் புரியவில்லை. நல்ல பெயர்தானே என்று வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொன்னார். எலிசபெத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் பிறந்தது பழவேற்காட்டு ஏரியோரம், பனைமேட்டுக்குப்பத்தில். நைனா வலைக்காரர். மூத்த பிள்ளையைத் தோணியில் ஏற்றிய முதல் நாளே அவன் வாந்தி எடுத்தான். கடலில் எடுத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில், அலையே இல்லாத ஏரியில் எடுத்தான். குப்பமே கூடிச் சிரித்தது. இது தேறாது என்று நைனா அவனை மிஷன் போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார். அங்கே பிடித்துக்கொண்ட புத்தகத்தை அவன் விடவேயில்லை. எபிரேயம் வரைக்கும் போய்விட்டான். தம்பி ஸ்டீபன் தோணியைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு லீவு முடியும்போதும் அண்ணனுக்குக் கருவாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பான். விடுதி முழுக்க நாறும். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடிக்கும், ஆனால் பேசிக்கொள்ள விஷயம்தான் இருக்காது. ஒருவர் ஏசாயாவைப் பற்றிச் சொல்ல, இன்னொருவர் இறாலைப் பற்றிச் சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஸ்டீபன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அண்ணன் அடக்க ஆராதனையில் ஜெபித்தார். அந்த ஜெபத்தில் அழாதவர்கள் இல்லை. அதற்கப்புறம் தம்பி மனைவி ரோசியும், பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற மகள் பெனிட்டாவும் அந்த வீட்டில் தனியாக இருந்தார்கள். அவர்களுக்கென்று மிச்சம் இருந்தது ஒரு பாடு.

ஏரி எல்லோருக்கும் பொது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. இறால் ஓடுகிற நல்ல இடம் முகத்துவாரத்துப் பக்கம் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் மண்டைதான் உடையும். அதனால் குடும்பம் குடும்பமாக முறை வைத்துப் போடுவார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. யாருக்கு எந்த முறை என்பதை வருஷத்துக்கு ஒருநாள் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். பனைமேட்டுக்குப்பத்தில் அதற்குச் சீட்டு எழுதுகிற வழக்கம் இல்லை. வலையின் அடியில் கட்டுகிற ஈயக்குண்டு இருக்கிறதே, அதில் ஒன்றை எடுத்து, குடும்பத்துக்கு ஒரு வெட்டுக்குறி போட்டு வைத்திருப்பார்கள். குலுக்கல் அன்று அந்தக் குடும்பத்து ஆம்பிளை ஒருவன் வந்து தன் கையால் அதைப் பித்தளைக் குடத்துக்குள் போடவேண்டும். எவன் குண்டு விழவில்லையோ அவன் குடும்பத்துக்குப் பாடு போச்சு. அந்த வருஷத்துக்கு மட்டுமல்ல, ஒரேயடியாகப் போச்சு. அந்த இடத்துக்குக் காத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

ஸ்டீபனுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஊர்த்தலைவர் நாகப்பன் தங்கமான மனுஷன். அவரே ரோசி வீட்டுக்கு வந்து வழி சொன்னார்.

"ஸ்டீபனுக்கு அண்ணன்னு ஒருத்தர் கீறார்ல? அவரு வந்து குண்டைப் போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தோணி ஓட்டறதுக்கு உன் தம்பி சுபாஷ் கீறான். நீ பேஜார் ஆவாத."

ரோசி போன் செய்தபோது சாலமன் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏரி அவரிடம் ஒரு காரியம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் எவ்வளவு சின்னக் காரியம். தோணியில் ஏற வேண்டாம், வலை இழுக்க வேண்டாம், வாந்தி எடுக்க வேண்டாம். நடந்து போய் ஒரு குண்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். போதாக்குறைக்கு, அந்த நாளில் அவர் பழவேற்காட்டில்தான் இருக்கப் போகிறார். போதகர்கள் மாநாட்டில் வேதபாடம் நடத்த அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கர்த்தர் எல்லாவற்றையும் எப்படிப் பொருத்தி வைக்கிறார் பார் என்று எலிசபெத்திடம் சொன்னார். உடனே அதற்கும் ஒரு ஜெபம்.

மாநாட்டை நடத்தியவர் டேவிட் போதகர், ஐயாவின் பழைய மாணவர். வந்திருந்தவர்கள் பெரிய கோயில்களின் பெரிய பாதிரிமார் இல்லை. தகரக்கூரை போட்ட சின்னச் சின்ன சபைகளை நடத்துகிறவர்கள். பாதிப்பேர் விடியற்காலையில் நண்டு பிடித்துவிட்டு, குளித்து, வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள். சிலர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்து, பாடத்தின் நடுவில் தூங்கி விழுந்தார்கள். ஐயா அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் ரூத்தின் கதையை எடுத்திருந்தார். நாலு அதிகாரம், நாலு வகுப்பு.

எல்லோரும் காத்திருந்தது நாலாவது அதிகாரத்துக்கு. அது ஐயாவின் பேர்போன பாடம். செத்துப்போனவனுடைய நிலம் கைவிட்டுப் போகாமல் மீட்க வேண்டும், மீட்டால் அவன் வீட்டு விதவைக்கும் ஒரு வழி பிறக்கும். முதல் உரிமை நெருங்கிய உறவுக்காரன் ஒருவனுக்கு. ஊர்வாசலில் பெரியவர்கள் முன்னால் அவனைக் கூப்பிட்டுக் கேட்டால், முதலில் சரி என்கிறான், அப்புறம் என்னால் முடியாது என்று நழுவிவிடுகிறான். வேறொருவன்தான் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறான். நழுவினவனுடைய பெயர் வேதத்தில் எங்கேயும் இல்லை. ஐயா அந்த ஆளை நடித்தே காட்டுவார். தோளைச் சுருக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே நாலடி நடந்து போவார். வகுப்பு குலுங்கிச் சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் விரலைத் தூக்கி, "செத்தவன் பேரைக் காப்பாத்த வராதவனுக்கு வேதத்துல பேரே இல்ல" என்பார். டேவிட் அதை எத்தனையோ பிரசங்கத்தில் தன் சரக்கு மாதிரி சொல்லியிருக்கிறார்.

மாநாட்டுக்குச் சமையல் செய்த பெண்களில் ரோசியும் ஒருத்தி. குலுக்கல் அன்று காலையில், மூன்றாவது வகுப்பு முடிந்து ஐயா வெளியே வந்ததும், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து ஈயக்குண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சின்னதாக இருந்தாலும் கனமாக இருந்தது. மூன்று வெட்டு போட்டிருந்தது. நைனா போட்ட வெட்டு.

"மாமா, குடத்தண்ட போனதும் போட்டுடுங்க. அங்க யார்கிட்டயும் பேச வோணாம். நீங்க பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க."

"ஜெபம் பண்ணிட்டுப் போட்டுடறேம்மா."

"பண்ணுங்க, பண்ணுங்க" என்று சிரித்தாள் ரோசி. அவர் மனசுக்குள் முணுமுணுத்துக்கொள்வார் என்று அவள் நினைத்தாள். யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்? புருஷன் போனபிறகு அவள் அப்படிச் சிரித்ததே அன்றைக்குத்தான்.

டேவிட் பைக்கில் கொண்டுபோய் விட்டார். கரையில் நீலத் தார்ப்பாய் கட்டி, நடுவில் பலகைமேல் குடத்தை வைத்திருந்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. ஐயாவைப் பார்த்ததும் பந்தலே எழுந்து நின்றது. நாகப்பனும் அவரும் ஒரு வயசு. சின்ன வயசில் 'டேய் சாலமா' என்று கூப்பிட்டு, வாந்தி எடுத்ததற்கு எல்லோரைக் காட்டிலும் அதிகமாகச் சிரித்தவர் இந்த நாகப்பன்தான். இப்போது கைகூப்பி "வாங்க ஐயா" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டி, குடத்துக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார வைத்தார்.

ஒவ்வொருவராக வந்து குண்டைப் போட்டார்கள். உள்ளே விழும்போது ணங்கென்று சத்தம். பெயர் கூப்பிடுகிற வேலையெல்லாம் இல்லை, அவனவன் கூட்டத்தில் நுழைந்து போட்டுவிட்டுப் போவான். ஐயாவும் ஜிப்பாப் பையில் கையை விட்டுக் குண்டைப் பிடித்தபடி எழுந்தார். அந்த நேரம் பார்த்து நாகப்பனுக்கு ஓர் ஆசை வந்தது. வழக்கமாக அவர்தான் கங்கையம்மனை நினைத்துக் குடத்துக்குக் கற்பூரம் காட்டுவார்.

"இந்த வாட்டி கற்பூரம் வோணாம்ப்பா. நம்மூர்ல பொறந்தவரு, இம்மாம் பெரிய படிப்பு படிச்சவரு வந்துகீறாரு. ஐயாவே ஒரு ஜெபம் பண்ணட்டும்."

யாரும் மறுக்கவில்லை. கழுத்தில் அந்தோணியார் படத்தை மாட்டியிருந்தவர்களும் விபூதி பூசியிருந்தவர்களும் சேர்ந்தே தலையாட்டினார்கள். சாலமன் ஐயாவுக்கு உள்ளம் நிறைந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று, ஜெபித்துவிட்டுப் போடுவோம், தம்பியின் குண்டு ஆசீர்வாதத்தோடு விழட்டும் என்று நினைத்தார். வாழ்நாள் முழுக்க அவர் செய்தது அதுதான். முதலில் ஜெபம், அப்புறம் காரியம். பையில் இருந்த கையை எடுக்காமலே கண்ணை மூடினார்.

குப்பத்து வழக்கம் நேர் எதிர். அங்கே முதலில் காரியம், கடைசியில் சாமி. எல்லாக் குண்டும் விழுந்தபிறகுதான் கற்பூரம், கற்பூரம் காட்டினபிறகு குடம் சாமியோடது. அப்புறம் மனுஷன் கை அதற்குள் போகக்கூடாது. நாகப்பன் வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்து உரக்கவே கேட்டார். "எல்லாரும் போட்டாச்சா?" போட்டாச்சு, போட்டாச்சு என்று நாலா பக்கமும் குரல் வந்தது. ஐயா கண்ணை மூடியிருந்தார். ரயிலடியில் எலிசபெத் கத்தினாலே கேட்காத காது. அவர் குடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றதால், எப்போதோ போட்டிருப்பார் என்று நாகப்பன் நினைத்துக்கொண்டார்.

அந்த ஜெபத்தைக் குறை சொல்ல முடியாது. ஏரிக்காக ஜெபித்தார். முகத்துவாரம் மண் மூடாமல் இருக்க ஜெபித்தார். இறாலுக்கும் கொடுவாவுக்கும் ஜெபித்தார். துறைமுகத்து வேலைக்குப் போன பிள்ளைகளுக்காக ஜெபித்தார். விதவைகளுக்காகவும் திக்கற்ற பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கும்போது ரோசியின் பெயரையும் பெனிட்டாவின் பெயரையும் சொன்னார், குரல் உடைந்தது. அங்கே நின்ற முரட்டு ஆட்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆமென் என்றார். பந்தல் முழுக்க ஆமென் என்றது.

கண்ணைத் திறந்தபோது நாகப்பன் குடத்தின் வாயைச் சிவப்புத் துணியால் மூடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஐயா சிரித்த முகத்தோடு குண்டை எடுத்து நீட்டினார்.

"இன்னா ஐயா அது?" என்றார் நாகப்பன்.

"ஸ்டீபனோட குண்டுப்பா. துணியக் கொஞ்சம் விலக்கு."

நாகப்பனின் விரல் முடிச்சுமேல் அப்படியே இருந்தது. "நீங்க போடலியா?" என்று கேட்டார். "போட்டாச்சான்னு கேட்டனே, ஐயா. ஜெபம் ஆயிடுச்சே."

அப்போதுதான் சாலமன் ஐயாவுக்கு விஷயம் மெதுவாக உறைத்தது. தனக்குத் தெரியாது என்றார். இதை யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றார். மனுஷனுக்காகத்தானே வழக்கம், வழக்கத்துக்காக மனுஷன் இல்லையே என்று வகுப்பில் பேசுகிற மாதிரி பேசிப் பார்த்தார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவனும் எதிர்த்துப் பேசவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம்.

நாகப்பன் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தன் மகன் பிரவீனைக் காட்டினார். "தோ நிக்கறான் பாருங்க. போன வருசம் ஷிப்ட்லருந்து ஓடியாந்தான், கற்பூரம் அணையறதுக்குள்ள. அவன் அம்மா, பொம்பளைங்க வராத எடத்துக்கே வந்து, என் காலப் புடிச்சிகினு அழுதா. நான் தொறக்கல. தனிக்குடும்பம் ஆனவனுக்குக் கெடச்ச பாடு, போச்சு. இன்னிக்கு உங்களுக்குத் தொறந்தா நான் எம்புள்ள மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பிரவீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திறங்கப்பா என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் நடந்திருக்குமோ என்னவோ. அவனும் சொல்லவில்லை. அவனைத் தப்பு சொல்லவும் முடியாது.

"ஜெபம் பண்ணது நான்தானே நாகப்பா?" என்றார் ஐயா. அவர் வாயிலிருந்துதான் அது வந்தது. "நான் அதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"சாமிகிட்ட சொன்னத வாபஸ் வாங்க முடியுங்களா? நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க, நான் தொறந்துடறேன்."

நிஜமாகவே அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நாகப்பன் கண்ணிலும் தண்ணீர் நின்றது. முடியும் என்று ஒரு வார்த்தை போதும். எபிரேயமும் கிரேக்கமும் படித்து, ஜெபத்தைப் பற்றிப் புத்தகமே எழுதிய மனிதர், அந்த ஒரு வார்த்தைக்கு வாயைத் திறந்து திறந்து மூடினார். பொய் சொல்லத் தெரியவில்லை. தம்பி பெண்டாட்டிக்காகக்கூடச் சொல்லத் தெரியவில்லை.

குடத்தைக் குலுக்கினார்கள். துணியை ஓரமாக நெகிழ்த்தி ஒவ்வொரு குண்டாகச் சரித்து எடுத்து, குறியைப் பார்த்து முறை சொன்னார்கள். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார், மூன்று வெட்டுக் குண்டு எப்படியாவது அதற்குள்ளிருந்து வந்துவிடும் என்பதுபோல. அது அவர் கைக்குள் இருந்தது. புறப்படும்போது நாகப்பன் அவருக்குச் சால்வை போர்த்தினார். முன்பே வாங்கி வைத்திருந்த சால்வை. வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அவர் மாநாட்டுக்குத் திரும்புவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. பந்தலில் நின்ற சுபாஷ் போனில் அக்காவிடம் சொல்லிவிட்டான். மத்தியானச் சாப்பாட்டில் ரோசிதான் பரிமாறினாள். போதகர்கள் வரிசையாக உட்கார்ந்து மடவைக் குழம்பை ருசித்துச் சாப்பிட்டார்கள். ஐயாவின் இலைக்கு வந்ததும் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

"ரோசி" என்றார்.

"குனிஞ்சு போட்டா ஒரு நொடி, மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னாள். இன்னமும் அவளால் அதை நம்ப முடியவில்லை. அப்புறம், "சாப்புடுங்க. ஆறிடும்" என்று அடுத்த இலைக்குப் போனாள்.

அவர் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதார். குழம்பு காரம் என்று பக்கத்திலிருந்த போதகர் தண்ணீர் நகர்த்தி வைத்தார். இனி ரோசி என்ன செய்வாள்? மார்பளவு தண்ணீரில் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் இறால் தடவுகிற பெண்களோடு போவாளா? பெனிட்டாவின் படிப்பு என்ன ஆகும்? கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது ஒரே பதில்தான், ஜெபம். அந்தப் பதிலைத்தான் அவர் இன்று காலையில் குடத்தின்மேல் சொல்லி மூடிவிட்டார்.

சாப்பாடு முடிந்து நாலாவது வகுப்புக்கு மணி அடித்தது. கூடம் நிறைந்திருந்தது. தூங்கி விழுந்தவர்கள்கூட முகம் கழுவிக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். பெயரில்லாத அந்த உறவுக்காரனைப் பார்க்கத்தான் இத்தனை ஆவல். டேவிட் இப்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். சமையல் பெண்களும் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் பின்கதவோரம் வந்து நின்றார்கள்.

"ஐயா, ஜெபிச்சு ஆரம்பிங்க" என்றார் டேவிட். கூடம் முழுக்கத் தலை குனிந்து கண்ணை மூடியது.

சாலமன் ஐயா பையை மேஜைமேல் வைத்தார். கண்ணை மூடினார். ஒன்றும் வரவில்லை. ஜிப்பாப் பைக்குள் குண்டு கனத்தது. ஆண்டவரே என்று ஆரம்பித்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும், வாழ்நாள் முழுக்க அப்படித்தான் வந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு நாக்கு எழும்பவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். குனிந்த தலைகள்தான் தெரிந்தன. மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஐயா இன்று ஆழமாக மௌன ஜெபம் செய்கிறார் என்று நினைத்து எல்லோரும் பக்தியோடு காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் மெல்ல விசும்பவே ஆரம்பித்துவிட்டார். ஐயா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இதை எப்படி முடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

பின்கதவோரம் ஒரே ஒருத்தி கண்ணை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரி படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமென்" என்றாள் ரோசி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

கூடமே ஆமென் என்று சொல்லிக் கண்ணைத் திறந்தது. ஐயா இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.